குரலுக்கு மீசை உண்டா?

ரெண்டு மாசமா நம்ம கடை பூட்டிக் கிடக்குது. ஆபீஸ்ல புடுங்க வேண்டிய ஆணி அவ்வளவு. இன்னிக்கும் திறந்திருக்க மாட்டேன். ஆனா போன சனிக்கிழமை எங்க ஊர் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில், சாப்பாட்டு வரிசையில் நடந்த ஒரு விஷயம் நாலு நாளா தொண்டையில் முள் மாதிரி நிக்குது. எழுதித் தொலைச்சாத்தான் இறங்கும்.

முதல்ல, தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அகபெல்லா குழுக்கள் என்று ஒரு சமாச்சாரம் உண்டு. வாத்தியமே கிடையாது. பத்துப் பதினஞ்சு பேர் அரைவட்டமா நிப்பாங்க. ஒருத்தர் சின்ன ஊதுகுழல் ஒன்றை ஊதிச் சுருதி கொடுப்பார். கிடார், டிரம்ஸ், வயலின் எல்லாமே வாய்தான். நம்ம 'திருடா திருடா' (1993) படத்தில் ஷாகுல் ஹமீது பாடின ராசாத்தி பாட்டு ஞாபகம் இருக்கா? ரகுமான் வாத்தியத்தை எல்லாம் ஓரங்கட்டிட்டு வெறும் குரல்களையே பின்னால் ஓட விட்டிருப்பாரே, அந்த வகையறா. ராஜா ரசிகர்கள் சண்டைக்கு வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்: 'மாயா பஜார்' (1995) படத்தில் ராஜாவும் செஞ்சிருக்கார். :-)

இப்ப வரிசைக்கு வருவோம். எனக்கு முன்னால் நின்ற நண்பர் ஒருத்தர் செல்போனில் பென் மசாலா குழுவின் பாட்டு ஒண்ணு போட்டுக் காட்டிக்கிட்டு இருந்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1996ல் நம்மூர்ப் பசங்க ஆரம்பிச்ச குழு அது. தெற்காசிய அகபெல்லாவுக்கே பிள்ளையார் சுழி போட்டவங்க. வெள்ளை மாளிகையில் 2009 தீபாவளிக்கு ஒபாமா முன்னால் பாடியிருக்காங்க. 'பிட்ச் பெர்ஃபெக்ட் 2' (2015) படத்தில் தலைகாட்டியிருக்காங்க. 2023ல் மோடி வந்தப்போ மறுபடியும் வெள்ளை மாளிகை. திறமையான பசங்க, அதில் எனக்கு எந்தப் பேச்சும் இல்லை.

நண்பர் சொன்னார்: "பசங்க மட்டும் பாடுறதாலதான் சார் அந்த எஃபெக்ட். நடுவுல நாலு பொண்ணுங்களைச் சேர்த்தா கீச்சுக் கீச்சுன்னு கெட்டுப் போயிடும். இது ஆணாதிக்கமெல்லாம் இல்ல சார், மியூசிக்."

வரிசையில் இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். ஐந்தாவதா ஆட்டின தலை என்னுடையது. வாயில் வடை இருந்தது, அதனால் பேசலைன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஆனா தலை ஆட்டுறதுக்கு வடை தடையா இல்லையே?

எனக்குப் பின்னால் தட்டோட நின்னுக்கிட்டிருந்தது என் பொண்ணு. அங்கே ஒண்ணும் பேசலை. திரும்பி வரும்போது காரில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே ஒரே ஒரு வரி: "நீயும் தலையாட்டினப்பா."

அவ்வளவுதான். தங்கமணி ரேடியோ சத்தத்தைக் குறைச்சாங்க. வீடு வர்ற வரைக்கும் யாரும் பேசலை.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒன்றரை வருஷக் கதை இருக்கு. என் பொண்ணு ஏழு வயசிலிருந்து கர்நாடக சங்கீதம் படிச்சவள். அஞ்சு கட்டையில் பாடுவாள். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே (எந்தக் கல்லூரின்னு கேக்காதீங்க, சொல்றதா இல்லை) அங்கே பேர் போன ஒரு குழு பாடுறதைக் கேட்டுட்டு ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணினாள். மூச்சு விடாம பேசினாள். மறுநாள் தேர்வுக்குப் பேர் கொடுக்கப் போயிருக்காள். "இது ஆண்கள் குழு, மன்னிக்கணும், நூறு வருஷப் பாரம்பரியம்" என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பிட்டாங்க. பாடச் சொல்லிக்கூடக் கேக்கலை. அதுதான் அவளுக்கு வலிச்சது. பாடிக் காட்டி, "நீ சரியில்லை"ன்னு சொல்லியிருந்தா வீட்டுக்கு வந்து தம்புராவைப் போட்டுச் சாதகம் பண்ணியிருப்பாள். பாடாமலே தோத்தவள் என்னத்தைச் சாதகம் பண்றது?

அன்னிக்கு அவகிட்ட நான் சொன்ன ஆறுதல் என்ன தெரியுமா? "அது அவங்க வழக்கம்டா கண்ணா, விடு. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியைப் பாரு."

ஆக, இந்தப் பதிவு அந்த நண்பருக்கு மட்டுமான பதில் இல்லை. எனக்கு நானே வெச்சுக்கிற சூடும்தான். "இது ஆணாதிக்கம் இல்லை, மியூசிக்" என்ற அந்த வாக்கியத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சுப் பார்த்துடலாம் வாங்க.

ஒன்று: பாரம்பரியம்

இந்தக் குழுக்களுக்கெல்லாம் தாத்தா யேல் பல்கலைக்கழகத்தின் விஃபென்பூஃப்ஸ். 1909ல் ஆரம்பிச்சது. பதினாலு பேர். பிற்காலத்தில் படிப்பையே ஒரு வருஷம் நிறுத்தி வெச்சுட்டு உலகம் சுற்றிப் பாடுற அளவுக்கு வளர்ந்தாங்க. பெரிய பாட்டுக்காரரா பின்னாளில் புகழ்பெற்ற கோல் போர்ட்டர் அந்தக் குழுவில் பாடினவர். யேலில் இளங்கலை வகுப்புக்குப் பெண்களைச் சேர்த்தது 1969ல். விஃபென்பூஃப்ஸ் முதன்முதலா ஒரு பெண்ணைச் சேர்த்தது 2018ல். சோஃபியா காம்போஅமோர் என்று பேர். கணக்குப் போட்டுப் பாருங்க. குழு பிறந்து 109 வருஷம். பெண்கள் அதே வளாகத்துக்குள் நுழைந்து 49 வருஷம். வகுப்பில் பக்கத்தில் உட்காரலாம், ஆய்வுக்கூடத்தில் பக்கத்தில் நிக்கலாம், அரைவட்டத்தில் மட்டும் நிக்கக்கூடாது!

இந்தக் குழு வாரா வாரம் போய்ப் பாடுற இடம் மோரீஸ் என்ற கிளப். அதுவும் ஆண்களுக்கு மட்டும் என்றுதான் இருந்தது. அதுவும் பாரம்பரியம்தான். 1969க்கு அப்புறமும் பிடிவாதமா இருந்தாங்க. கடைசியில் மது உரிமத்துக்கே வில்லங்கம் வந்தது. 1974ல் கதவு திறந்தது. பீருக்கு ஆபத்து வர்ற வரைக்கும்தான் இந்தப் பாரம்பரியத்துக்கு ஆயுசு. புரியுதுங்களா?

இன்னும் பின்னாடி போகணுமா? அகபெல்லா என்ற சொல்லே இத்தாலியன். 'தேவாலய முறைப்படி' என்று பொருள். ரோமில் சிஸ்டைன் தேவாலயப் பாடகர் குழுதான் இந்த மரபுக்குப் பெரிய அடையாளம். அங்கே பெண்கள் பாடக்கூடாது. ஆனா உச்சஸ்தாயிக் குரல் வேணும். என்ன பண்ணினாங்க? சின்ன வயசிலேயே காயடிக்கப்பட்டுக் குரல் உடையாமல் வளர்ந்த ஆண்களைப் பாட வெச்சாங்க. பழங்கதை இல்லை சாமி. அந்த வரிசையில் கடைசியா வந்த அலெஸாண்ட்ரோ மோரெஸ்கி இறந்தது 1922ல். அவர் பாடின இசைத்தட்டே இருக்கு. ஒரு பெண்ணைப் பாட விடுறதைவிட ஒரு சிறுவனை அறுக்கிறது சுலபம்னு நினைச்ச மரபு இது. இதைத் தலையில் தூக்கி வெச்சு ஆடணுமா?

இரண்டு: குரல் எல்லை

இதுதான் அவங்க பிரம்மாஸ்திரம். "ஆண்கள் குழுவுக்கு ரெண்டு டெனர், ரெண்டு பேஸ்னு பிரிச்சு எழுதியிருக்கு. பெண் குரல் அதுக்குள்ள அடங்காது."

அப்படியா? நம்ம பாட்டு வாத்தியார் பாஷையிலேயே கணக்குப் பார்ப்போம். அஞ்சு கட்டை என்றால் ஜி. என் பொண்ணு ஸட்ஜம் வைக்கிறது பியானோவில் நடு சி-க்குக் கீழே இருக்கிற ஜி. அவள் மந்திர பஞ்சமம் தொடும்போது நிக்கிறது அதுக்கும் கீழே இருக்கிற டி. டெனர் குரலுக்கு வழக்கமா வைக்கிற அடிமட்டம் நடு சி-க்குச் சரியா ஒரு ஸ்தாயி கீழே இருக்கிற சி. வித்தியாசம் ஒரே ஒரு ஸ்வரம். மேலே தார பஞ்சமம் வரைக்கும் போனால் டெனரின் உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிடுவாள்.

இது என் பொண்ணு பெருமை இல்லீங்க. அஞ்சு, அஞ்சரைக் கட்டையில் மந்திர பஞ்சமம் வரைக்கும் ஒழுங்காப் பாடுற எந்தப் பொண்ணுக்கும் இதே கணக்குத்தான். நியூஜெர்சியிலிருந்து கலிபோர்னியா வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டு கிளாஸுக்கு நாம காரில் இறக்கி விடுற பிள்ளைகளில் டெனர்கள் ஏகத்துக்கும் இருக்காங்க. நமக்குத்தான் அப்படி ஒரு பேர் வெக்கத் தெரியலை.

இப்ப நண்பர் என்ன சொல்வார்னு எனக்குத் தெரியும். "அந்த ஸ்வரம் தொடுவா சார், ஆனா அந்த கனம் இருக்காது." நியாயமான பேச்சு. ஒத்துக்கறேன். ஒரு பெண்ணின் மந்திர பஞ்சமமும் ஒரு ஆணின் அதே ஸ்வரமும் ஒரே நாதம் இல்லை. கீழே போகப் போக அவளுக்குக் காற்றுதான் அதிகம் வரும். பேஸ் பாடுங்கன்னு அவளை யாரும் கேக்கப் போறதும் இல்லை.

ஆனா இதைக் கவனிச்சிருக்கீங்களா? ஆண்கள் குழுவில் உச்சத்தில் ஒருத்தன் கள்ளக்குரலில் பெண் ஸ்தாயிக்குப் போவான். அரங்கமே எழுந்து கை தட்டும். 'ஆகா, என்ன ரேஞ்ச்!' அவன் பெண் எல்லைக்குள் போனால் வித்தை. அவள் ஆண் எல்லைக்குள் வந்தால் மட்டும் கெட்டுப் போயிடுமா? இதில் எங்கே சார் மியூசிக் இருக்கு?

கனம் இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. பாடச் சொல்லிக் கேக்கணும். அதுக்குத்தானே தேர்வு வைக்கிறாங்க? ஸ்வர எல்லை பார்க்கிறது, நாலு ஸ்வரம் வாசிச்சுத் திருப்பிப் பாடச் சொல்றது, ஒரு பாட்டில் தனியாக் கொஞ்சம், அப்புறம் கூட நிக்க வெச்சுக் குரல் கலக்குதான்னு பார்க்கிறது. சிம்பொனி இசைக்குழுக்களில் திரைக்குப் பின்னால் உட்கார வெச்சு வாசிக்கச் சொல்லித் தேர்வு பண்ற வழக்கம் இருக்கே. ஒரு திரை போடுங்க. அப்புறமும் என் பொண்ணு தேறலைன்னா நானே அவளை மறுபடி ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்கு அனுப்பி வெக்கிறேன்.

மூன்று: "அவங்களுக்குத்தான் தனிக் குழு இருக்கே"

இருக்கு. நிறைய இருக்கு. ஸ்மித் கல்லூரியில் ஸ்மிஃபென்பூஃப்ஸ் 1936லிருந்து பாடுறாங்க. பேரைப் பார்த்தாலே யாருக்குப் போட்டின்னு தெரியுது. யேலில் 1981ல் விம் அண்ட் ரிதம் என்று பெண்கள் தனிக் குழு தொடங்கினாங்க. பென்சில்வேனியாவிலேயே பெண்களின் தெற்காசியக் குழு உண்டு. பேர் பென் ஆத்மா.

கையைத் தூக்குங்க பார்ப்போம். பென் மசாலா கேள்விப்பட்டவங்க எத்தனை பேர்? பென் ஆத்மா கேள்விப்பட்டவங்க எத்தனை பேர்?

அதேதான். விஃபென்பூஃப்ஸுக்கு மாசக்கணக்கில் உலகப் பயணம். விம் அண்ட் ரிதமுக்குக் கோடை விடுமுறைக்குள் முடியுற பயணம். பழைய மாணவர்களின் கைதூக்கல், கூப்பிட்டுப் பாட வைக்கிற மேடை, அதில் வர்ற பணம் எல்லாம் நூறு வருஷமா ஒரே பக்கம் சேர்ந்துக்கிட்டே வந்திருக்கு. 'உனக்கும் ஒரு பந்தி போட்டிருக்கே'ன்னு சொல்றவங்க, எந்தப் பந்தியில் பாயசம் ஊத்தறாங்கன்னு மட்டும் சொல்ல மாட்டாங்க.

போட்டி மேடைக்கு வாங்க. 1996லிருந்து கல்லூரி அகபெல்லாவுக்கு ஒரு பெரிய போட்டி நடக்குது. ஆரகன் பல்கலைக்கழகத்தின் டிவிசி என்ற பெண்கள் குழு 2005 இறுதிச் சுற்றில் கோப்பையைத் தவற விட்டது. அந்தத் தோல்வியின் ஆற்றாமையை மையமா வெச்சு மிக்கி ராப்கின் 2008ல் ஒரு புத்தகம் எழுதினார். அதிலிருந்துதான் 2012ல் 'பிட்ச் பெர்ஃபெக்ட்' படம் வந்தது. படத்தில் பெண்கள் குழு ஜெயிச்சுடும். சினிமான்னா அப்படித்தானே?

"பெண்கள் குழுவில் பேஸ் இல்லை, அதான் கேக்க மெலிசா இருக்கு" என்பாங்க. உண்மைதான். பேஸ் இல்லாத அகபெல்லா அஸ்திவாரம் இல்லாத வீடு. ஆனா அந்த அஸ்திவாரத்தைப் பிரிச்சு வெச்சது யார்? ஒரு வளாகத்து பேஸ்களை எல்லாம் ஒரு அறையில் பூட்டி வெச்சுட்டு, வெளியே நிக்கிறவங்களைப் பார்த்து 'உங்ககிட்ட பேஸ் இல்லையே'ன்னு கேக்கிற மாதிரி இருக்கு இது.

நான்கு: பெண்ணை மேடைக்கே ஏத்தாத ஆட்களும் இல்லை

ஏத்துவாங்க. எப்படித் தெரியுமா? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் டைகர்டோன்ஸ் என்ற ஆண்கள் குழு, டிஸ்னியின் 'லிட்டில் மெர்மெய்ட்' (1989) படத்தில் வர்ற முத்தப் பாட்டை வருஷக்கணக்கா பாடிக்கிட்டு இருந்தது. பாடும்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணை மேடைக்கு இழுத்துட்டு வந்து நிறுத்துறது, ஒரு பையனையும் கூட நிறுத்துறது, முத்தம் கொடுக்கச் சொல்லி ஏத்தி விடுறது. 2018 நவம்பரில் மாணவர் பத்திரிகையில் ஒரு மாணவி இதைக் கண்டிச்சு எழுதினார். குழு வருத்தம் தெரிவிச்சு அந்தப் பாட்டை நிறுத்தி வெச்சது.

அந்தப் படம் பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பாட்டு வரும் கட்டத்தில் கதாநாயகிக்குக் குரலே கிடையாது! அதைச் சூனியக்காரிக்குக் கொடுத்துட்டு ஊமையா படகில் உட்கார்ந்திருப்பாள். பெண்ணுக்கு அந்த மேடையில் இடம் உண்டு, வாயைத் திறக்காத வரைக்கும். இதைவிடப் பொருத்தமான பாட்டை என்னாலே கற்பனைகூடப் பண்ண முடியலை.

அப்ப என்னதான் செய்யச் சொல்றே?

ஆண்கள் குழு, பெண்கள் குழு எல்லாத்தையும் கலைச்சு ஒண்ணாக் கொட்டிக் கிளறச் சொல்லலை. பெண்கள் தங்களுக்குன்னு ஒரு அறை வெச்சுக்கிட்டுச் சிரிச்சுப் பாடுறதில் ஒரு சுகம் இருக்கு, அதை யாரும் பிடுங்க வேண்டாம். கனமான நாலு குரல்களுக்கு எழுதின பாட்டுக்குத் தனி அழகு இருக்கு, அதையும் தொட வேண்டாம்.

யேலில் 2018ல் கண்டுபிடிச்ச வழியே போதும். விஃபென்பூஃப்ஸ் டெனர், பேஸ் குரல்களுக்கான குழுவாவே இருக்கும். விம் அண்ட் ரிதம் சொப்ரானோ, ஆல்ட்டோ குரல்களுக்கான குழுவாவே இருக்கும். யார் வேணும்னாலும் எதுக்கு வேணும்னாலும் பாடிக் காட்டலாம். குரல் பொருந்தினால் உள்ளே. அவ்வளவுதான். அளவுகோல் தொண்டையில் இருக்கட்டும், மீசையில் வேண்டாம். பாட்டு மாறலை, அரைவட்டம் மாறலை, கோட்டும் கையுறையும் மாறலை. நூத்தொம்போது வருஷமா 'கெட்டுப் போயிடும், கெட்டுப் போயிடும்'னு பயந்தது ஒண்ணுகூட நடக்கலை. அப்போ இத்தனை வருஷமா காவல் காத்தது எதை?

நம்மாளுங்களுக்கு ஒரு வார்த்தை. இதெல்லாம் வெள்ளைக்காரன் வீட்டுச் சண்டைன்னு ஒதுங்க முடியாது. தெற்காசியக் குழுக்களை ஆரம்பிச்சவங்க நம்ம பிள்ளைங்க. புதுசாக் கட்டின வீடு. நூறு வருஷத் தூசி எதுவும் இல்லாத வீடு. அதிலேயும் போய் அதே பழைய வாசப்படியை வெச்சுக் கட்டணுமா? அதுக்குக் காரணமும் 'மியூசிக்'னு சொன்னா, சாப்பாட்டு வரிசையில் நின்னு தலையாட்டின நம்மகிட்டேயிருந்து கத்துக்கிட்டதுதான் அது.

என் பொண்ணு இப்ப என்ன பண்றாள்னு கேப்பீங்க. அந்தக் கல்லூரியிலேயே ஒரு பெண்கள் குழுவில் பாடுறாள். இருக்கிறதிலேயே கீழ்க்குரல் அவளுடையதுதான். பதிமூணு பேருக்கும் அஸ்திவாரம் அவள். சந்தோஷமாத்தான் இருக்காள். எழுதி முடிச்சுட்டு அவகிட்ட படிச்சுக் காட்டினேன். (தமிழ் வேகமாப் படிக்க வராது, கேட்டாப் புரியும்.) முழுசாக் கேட்டுட்டு, "எல்லாம் சரிப்பா. ஆனா இதைப் பொங்கல் விழாவிலேயே அந்த அங்கிள்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றாள்.

சொல்லியிருக்கலாம். அடுத்து சித்திரை விழா வருது. அதே மண்டபம், அதே வரிசை, அதே நண்பர். இந்தத் தடவை வடையை முழுங்கிட்டுப் பேசறதா உத்தேசம்.

டிஸ்கி: "உன் பொண்ணுக்கு இடம் கிடைக்கலைன்னு புலம்புறே"ன்னு பின்னூட்டம் போட வர்ற அன்பர்களுக்கு: ஆமாம், அதனாலதான் புலம்புறேன். அதுக்கு முன்னாடி வரைக்கும் எனக்கு இது உறைக்கவே இல்லை என்பதுதான் இந்தப் பதிவோட வெட்கக்கேடு. மத்தபடி கும்மி அடிக்க மைதானம் திறந்திருக்கு, வாங்க. :-)